மனசு விட்டுக் கேளுங்கள்: அவளுக்காக எத்தனை நாள் நானே பேசுவது?

இந்த முறை வந்த கடிதங்களில் ஒரே விஷயத்தை, அதாவது நாலு பேர் முன்னால் பேசப் பயப்படுகிறவர்களைச் சுற்றி வரும் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். முதல் கடிதத்துக்கான பதில் கொஞ்சம் நீளம்தான். கேள்வி அப்படிப்பட்டது.

கேள்வி: திருச்சியில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ரோல் நம்பர் அடுத்தடுத்து வருவதால் முதல் வருடத்திலிருந்தே லேபில் என் பக்கத்து இடம் அவளுக்கு. முதல் செமஸ்டர் முழுக்க அவள் பேசியதை எழுதினால் ஒரு பக்கம்கூட வராது. இப்போது என்னிடம் மட்டும் நன்றாகப் பேசுகிறாள், கிண்டல்கூட செய்கிறாள். மூன்றாவதாக ஒருவர் வந்துவிட்டால் அத்தோடு சரி. கேன்டீனில் டோக்கன் வாங்குவது, ரெக்கார்டில் கையெழுத்து வாங்க மேடத்திடம் போவது, பஸ்ஸில் கண்டக்டரிடம் இறங்கும் இடத்தைச் சொல்வது எல்லாம் நான்தான். அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது அவள் குரல் கேட்காமல் ஆப்சென்ட் விழுந்துவிடுமே என்று நானே "இருக்கா மேம்" என்று சொல்லிவிடுவேன். போன் செய்தால் எடுக்க மாட்டாள். வாட்ஸ்அப்பில் 'டைப்பிங்' என்று வெகுநேரம் காட்டும், பதில் மட்டும் வராது. வகுப்பில் திமிர் பிடித்தவள் என்று பெயர். என் மற்ற தோழிகள் "அவளை விட்டுட்டு வாடி" என்கிறார்கள். அடுத்த மாதம் எல்லோரும் செமினார் எடுக்க வேண்டும், அதற்கு இன்டெர்னல் மார்க் உண்டு. தேதி சொன்ன நாளிலிருந்து அவள் சரியாக வருவதே இல்லை. இது வெறும் கூச்சமா, வேறு ஏதாவதா? இன்னும் எவ்வளவு பொறுமையாக இருக்க வேண்டும்? சில நாள் எனக்கே எரிச்சலாக வருகிறது.
வாசகி, திருச்சி

பதில்: எரிச்சல் வருவது இயல்புதான், அதற்காகக் குற்றவுணர்ச்சி வேண்டாம். எரிச்சல் எங்கிருந்து வருகிறது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் கூச்சமா வேறு ஏதாவதா என்ற கேள்வி. ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு, பார்த்திராத ஒருவருக்கு நோய்ப் பெயர் வைக்கிற வேலையை நான் செய்ய மாட்டேன். ஆனாலும் நீங்கள் சொல்வதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், சோஷியல் ஆங்சைட்டி, அதாவது சமூகப் பதற்றம் என்று மருத்துவர்கள் சொல்வதோடு நன்றாகவே பொருந்துகிறது. கூச்சமுள்ள பெண் செமினாருக்கு முதல் நாள் தூங்க மாட்டாள், மேடையில் கொஞ்சம் தடுமாறுவாள், முடித்துவிட்டு வந்து சாப்பிடப் போய்விடுவாள். இந்தப் பதற்றம் இருப்பவள் ஒரு மாதத்துக்கு முன்பே பயப்பட ஆரம்பிக்கிறாள், அந்த நாளைத் தவிர்க்க என்ன வழி என்று யோசிக்கிறாள், அதற்காக மார்க், சாப்பாடு, அட்டெண்டன்ஸ் எதை வேண்டுமானாலும் விட்டுக்கொடுக்கிறாள். ஆறு மாதத்துக்கு மேல் இது தொடர்ந்து, படிப்பையும் பழக்கவழக்கத்தையும் கெடுத்தால்தான் மருத்துவர்கள் இதை நோய் என்ற கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் 8 வயதிலிருந்து 15 வயதுக்குள் தொடங்கிவிடும். அதாவது உங்கள் பக்கத்தில் அவள் வந்து உட்கார்ந்த அன்றே அது அவளுக்குப் பல வருடப் பழக்கம். கேள்வி கேட்கும் ஆசிரியரின் கண்ணில் படாமல் எந்த பெஞ்சில் உட்காரலாம் என்பதெல்லாம் அவளுக்குப் பள்ளியிலேயே அத்துப்படி ஆகியிருக்கும்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் திமிர் என்று ஏன் தோன்றுகிறது தெரியுமா? டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற இரண்டு பிரிட்டிஷ் உளவியலாளர்கள் 1995-இல் இதை அழகாக விளக்கினார்கள். நாலு பேர் நடுவில் போனதும் இவர்களுடைய கவனம் முழுக்க உள்ளே திரும்பிவிடுகிறது. எதிரில் இருப்பவர் என்ன சொல்கிறார் என்பதைவிட, என் முகம் சிவக்கிறதா, குரல் நடுங்குகிறதா, கை எங்கே இருக்கிறது என்றுதான் மனசு பார்த்துக்கொண்டிருக்கும். அப்புறம் அந்த நடுக்கம் தெரியாமல் இருக்கச் சில உபாயங்கள்: குனிந்தே இருப்பது, பேனாவை இறுக்கிப் பிடிப்பது, சொல்லப்போகும் வாக்கியத்தை மனசுக்குள் பத்துத் தடவை ஓட்டிப் பார்ப்பது, ஒரே வார்த்தையில் பதிலை முடிப்பது. இந்த உபாயங்கள்தான் வினை. இவள் குனிவதைப் பார்த்து எதிரில் இருப்பவர் "நம்மளப் புடிக்கல போல" என்று விலகுகிறார், விலகியதைப் பார்த்து இவள் "நான் நினைச்சது சரிதான், என்னை யாருக்கும் புடிக்கல" என்று முடிவு கட்டுகிறாள். வீட்டுக்குப் போனபின் அன்று நடந்ததை எல்லாம் ராத்திரி முழுக்க ஓட்டிப் பார்த்துத் தன்னையே திட்டிக்கொள்வது தனிக் கதை. அந்த 'டைப்பிங்' மர்மமும் இதுதான். எழுதுகிறாள், இது அசட்டுத்தனமாக இருக்குமோ என்று அழிக்கிறாள், மறுபடி எழுதுகிறாள், கடைசியில் இவ்வளவு நேரம் கழித்து அனுப்பினால் என்ன நினைப்பாளோ என்று விட்டுவிடுகிறாள்.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். "இருக்கா மேம்" என்கிறீர்களே, அதை நிறுத்த வேண்டும்.

நாளைக்கே அல்ல, அவளிடம் சொல்லாமலும் அல்ல. ஆனால் நிறுத்த வேண்டும். அவளுக்குப் பதிலாக நீங்கள் பேசுகிற ஒவ்வொரு தடவையும் அவளுக்கு உடனே ஒரு நிம்மதி கிடைக்கிறது, அந்த நிம்மதி அவளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பாடம் "நல்லவேளை, நான் வாயைத் திறந்திருந்தா அசிங்கமாயிருக்கும்" என்பது. வாயைத் திறந்தால் ஒன்றும் ஆகாது என்று தெரிந்துகொள்ள அவளுக்கு வாய்ப்பே வருவதில்லை. நீங்கள் அன்போடு செய்கிற காரியம் அவளுடைய பயத்துக்குச் சோறு போடுகிறது. உங்கள் எரிச்சலும் இங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். ஒருத்தி பேசும் வரை காத்திருப்பதில் அவ்வளவு களைப்பு கிடையாது, இரண்டு பேருடைய பேச்சையும் ஒருத்தியே பேசுவதில்தான் களைப்பு. பொறுமை என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பதில் பாதி பொறுமையே இல்லை, அவள் திணறுவதைப் பார்க்கச் சகிக்காமல் அவசரப்பட்டு முந்திக்கொள்வது. கண்டக்டர் கேட்டதும் மூன்று விநாடி மௌனம் வருகிறது பாருங்கள், அந்த மூன்று விநாடியை உங்களால் தாங்க முடிந்தால் போதும். அவளால் முடியாவிட்டால் அப்புறம் நீங்கள் சொல்லலாம், பஸ் ஒன்றும் நின்றுவிடாது.

எப்படி ஆரம்பிப்பது? தனியாக இருக்கும்போது நேராகவே கேளுங்கள்: "நான் உனக்காகப் பேசுறது உனக்கு உதவியா இருக்கா, இல்ல கஷ்டமா இருக்கா? எதை முதல்ல நீயே செஞ்சு பார்க்கலாம்?" எது என்பதை அவள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். உங்களுக்குச் சுலபமாகத் தெரிவது அவளுக்குச் சுலபமாக இருக்காது. கூட்டமான கேன்டீனைவிட மேடத்தின் அறை தேவலை என்று அவள் சொல்லலாம், நேர்மாறாகவும் சொல்லலாம். கேன்டீன் என்றால் நாலு மணிக்குக் கூட்டம் இல்லாதபோது ஒரு டீ, நீங்கள் பக்கத்தில். ஒரு வாரம் கழித்து நீங்கள் மேஜையில், அவள் கவுன்டரில். அப்புறம் மதிய நேரம். நேரம் எடுக்கும். நடுவில் ஒரு நாள் எல்லாம் பழையபடி ஆகிவிட்ட மாதிரி இருக்கும், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்னொரு காரியமும் பலன் தரும்: போவதற்கு முன்னால் "என்ன ஆகும்னு பயப்படுறே?" என்று கேட்டு அவள் சொல்வதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். "கேன்டீன் அண்ணன் சத்தம் போடுவாரு, பின்னாடி நிக்கிறவங்க சிரிப்பாங்க." போய்விட்டு வந்தபின் எழுதியதில் எது நடந்தது என்று இரண்டு பேருமாகப் பாருங்கள். சிகிச்சையிலும் ஏறக்குறைய இதைத்தான் செய்கிறார்கள்.

அப்புறம், தயவுசெய்து கைதட்டாதீர்கள். அவள் வகுப்பில் ஒரு வார்த்தை சொன்னதும் "ஏ, இவ பேசிட்டாப்பா!" என்று ஒரு கூச்சல் எழும்பும். எல்லா வகுப்பிலும் இதற்கென்றே நாலு பேர் இருப்பார்கள். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை, ஆனால் எல்லோரும் தன்னையே பார்க்கிறார்கள் என்ற பயத்தில் இருப்பவளை அந்த நிமிடம் நிஜமாகவே எல்லோரும் பார்க்கிறார்கள். அதற்குப் பிறகு அவள் ஒரு மாதம் பேச மாட்டாள். பாராட்ட வேண்டும் என்றால் பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது போகிற போக்கில் ஒரு வரி போதும். "தைரியமா இரு", "இதுல என்ன இருக்கு", "யாரும் உன்னைப் பாக்கல" போன்றவையும் வேண்டாம். கடைசியாகச் சொன்னது உண்மைதான், ஆனால் சொல்லி யாரும் நம்பியதில்லை.

பேச்சு தானாக வரும் இடங்களைப் பயன்படுத்துங்கள். உங்களுக்கு வாய்ப்பான பாடம் வேறு. டைட்ரேஷன் செய்யும்போது இரண்டு பேர் கண்ணும் பியூரெட்டிலும் குடுவையிலும் இருக்கும், யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை, நிறம் மாறும் வரை வாய் சும்மாதான் இருக்கும். அவள் உங்களிடம் பேசத் தொடங்கியது லேபில் என்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. அதே மேஜைக்கு மூன்றாவதாக ஒரு நல்ல பெண்ணை எப்போதாவது கூப்பிட்டுப் பாருங்கள், பேச அல்ல, ரீடிங் எழுத. வெறுமனே உட்கார்ந்து முகம் பார்த்துப் பேசுவதைவிட கையில் ஏதாவது வேலை இருப்பது இவர்களுக்கு நூறு மடங்கு மேல்.

செமினார். அவளிடம் அனுமதி கேட்டுவிட்டு, இரண்டு பேருமாக மேடத்தைப் பாருங்கள். செமினாரே வேண்டாம் என்று விலக்குக் கேட்காதீர்கள், அது மறுபடி பழைய கதைதான். முதலில் மேடமும் நீங்கள் இரண்டு மூன்று பேரும் மட்டும் இருக்கும்போது ஒரு தடவை எடுக்கட்டும், பிறகு வகுப்பில். வகுப்பில் எடுக்கும் நாளில் ரோல் நம்பர் வரிசைக்குக் காத்திருக்காமல் முதல் ஆளாக விடச் சொல்லுங்கள். தனக்கு முன்னால் பத்துப் பேர் முடியும் வரை உட்கார்ந்திருப்பது அந்தப் பத்து நிமிடப் பேச்சைவிடக் கொடுமை. போர்டில் சமன்பாடு எழுதி விளக்குகிற தலைப்பாக இருந்தால் இன்னும் நல்லது, கொஞ்ச நேரமாவது திரும்பி நிற்கலாம். மேடம் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் துறைத் தலைவர் இருக்கிறார், மென்டர் என்று உங்கள் பெயருக்கு ஒருவரை ஒதுக்கியிருப்பார்கள், அவரும் இருக்கிறார்.

உங்கள் மற்ற தோழிகளை விட்டுவிடாதீர்கள். அவர்களோடு சினிமாவுக்குப் போவதை அவளிடம் மறைக்கவும் வேண்டாம், "இன்னைக்கு அவங்களோட போறேன், நாளைக்கு லேப்ல பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். சொல்லாமல் ஒரு நாள் காணாமல் போனால்தான் அவள் மனசு ஆயிரம் காரணம் கண்டுபிடிக்கும். அவளையும் கூப்பிட்டுக்கொண்டே இருங்கள், பத்துத் தடவை வரவில்லை என்றாலும். கூப்பிடும்போது "பாதியில கிளம்பணும்னா கிளம்பலாம், நான் எதுவும் கேக்க மாட்டேன்" என்று சேர்த்துச் சொல்லுங்கள். வெளியே போக வழி தெரிந்தால் உள்ளே வரத் துணிவு வரும்.

ஒரு எல்லையும் உண்டு. நீங்கள் அவளுக்கு வைத்தியர் இல்லை. பரீட்சைக்கே வராமல் இருப்பது, சாப்பிடாமல் இருப்பது, எதிலும் பிடிப்பில்லாமல் போவது, "நான் இல்லன்னா யாருக்கென்ன" என்ற மாதிரிப் பேச்சு, இதில் எது வந்தாலும் ரகசியம் காப்பாற்றுகிறேன் என்று உட்கார்ந்திருக்காமல் அன்றைக்கே வீட்டில் ஒருவருக்கோ ஆசிரியருக்கோ சொல்லிவிடுங்கள். சமூகப் பதற்றத்தோடு மனச்சோர்வும் சேர்ந்து வருவது சகஜம். அதுவரை போகாவிட்டாலும் சிகிச்சைக்குப் போவது நல்லது, ஏனென்றால் இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. சிபிடி என்கிற பேச்சு சிகிச்சையைத்தான் பிரிட்டனின் 2013 வழிகாட்டுதல் முதலில் வைக்கிறது, 14, 15 அமர்வுகள், ஏறக்குறைய நாலு மாதம். மாத்திரைகளும் உண்டு, மருத்துவர் எழுதிக்கொடுத்தால். அவை வேலை செய்யச் சில வாரங்கள் பிடிக்கும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, செலவு இல்லை. 14416 என்பது டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். ஆனால் போனில் பேசவே பயப்படுகிற ஒருத்தியிடம் ஒரு போன் நம்பரைக் கொடுத்துவிட்டு வருவது என்ன உதவி? பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் போடுங்கள், முதல் இரண்டு வாக்கியம் நீங்கள் பேசுங்கள். ஆஸ்பத்திரி ஓ.பி.யில் கூட்டத்தின் நடுவே பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், அதற்கும் கூடப் போங்கள். இந்த இரண்டு இடத்தில் மட்டும் அவளுக்காக நீங்கள் பேசலாம்.

கேள்வி: உங்கள் பகுதியில் எழுதுகிறவர்கள் எல்லோரும் நண்பர்களின் பக்கத்திலிருந்து எழுதுகிறார்கள். நான் இந்தப் பக்கம், பேசப் பயப்படுகிறவன். கோவையில் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். வகுப்பில் ஒருவன் மட்டும் என்னிடம் நன்றாகப் பழகுகிறான். அவன் பாவம் பார்த்துத்தான் பழகுகிறான் என்று எனக்குத் தெரியும். அவனுக்கு நான் சுமை. விலகிவிடலாமா என்று யோசிக்கிறேன். இன்னொன்று, பிளேஸ்மென்ட் வருகிறது, குரூப் டிஸ்கஷனுக்கு முன்னால் ஒரு மாத்திரை போட்டால் நடுக்கம் வராது என்று சீனியர் ஒருவர் கொடுத்தார். போடலாமா?
பெயர் வேண்டாம், கோவை

பதில்: மாத்திரையிலிருந்து ஆரம்பிக்கிறேன். சீனியர் கொடுத்தது அநேகமாக புரோப்ரனலால் ஆக இருக்கும். இதயப் படபடப்பைக் குறைக்கிற மாத்திரை அது, மேடை பயத்துக்குச் சில மருத்துவர்கள் எழுதிக்கொடுப்பதும் உண்மை. ஆனால் ஆஸ்துமா இருப்பவர்களுக்கு அது ஆபத்து, ரத்த அழுத்தத்தையும் நாடித் துடிப்பையும் இறக்கும். ஹாஸ்டல் அறையில் கைமாறுகிற மாத்திரையை இன்டர்வியூ அன்று முதல் தடவையாகப் போட்டுப் பார்க்காதீர்கள். ஒரு டாக்டரைப் பாருங்கள், பிளேஸ்மென்ட் பயம் என்று சொன்னாலே அவருக்குப் புரியும். இன்னொரு சீனியர் 'கொஞ்சம் பீர் போட்டா சரியாயிடும்' என்பார், அவரிடமும் போகாதீர்கள். அந்த வழியில் போய் மாட்டிக்கொண்டவர்கள் நிறைய.

சரி, நண்பனுக்கு வருவோம். பாவம் பார்த்துப் பழகுகிறான் என்று எனக்கு "தெரியும்" என்கிறீர்கள். அவன் சொன்னானா? வாஷிங்டன் பல்கலைக்கழகம் ஒன்று அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் இருக்கிறது, அங்கே இந்தப் பதற்றம் உள்ளவர்களையும் அவர்களுடைய நண்பர்களையும் வைத்து ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டார்கள். நட்பு எப்படி இருக்கிறது என்று இரண்டு தரப்பிடமும் கேட்டார்கள். பதற்றம் உள்ளவர்கள் தங்கள் நட்பு மோசமாக இருக்கிறது என்றார்கள். நண்பர்கள் அவ்வளவு மோசமாகச் சொல்லவில்லை. நண்பனுக்குச் சிரமம் இருப்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது, தெரிந்தே அப்படிச் சொன்னார்கள். இந்தப் பதற்றமே இல்லாத சாதாரண ஆட்களிடமும் இதே கோணல் உண்டு. முன்பின் தெரியாத இரண்டு பேரைப் பேசவிட்டு, மற்றவருக்கு உங்களை எவ்வளவு பிடித்திருக்கும் என்று கேட்டால் பெரும்பாலும் குறைத்துத்தான் சொல்கிறார்கள், 2018-இல் வந்த ஆராய்ச்சி அது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவருக்குச் சங்கடமான படம் போட்ட டி-ஷர்ட்டை மாட்டி மற்றவர்கள் இருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று டி-ஷர்ட் போட்டவர்கள் நினைத்தார்கள், கால்வாசிப் பேர்தான் கவனித்திருந்தார்கள். உங்கள் மனசு சொல்லும் கணக்கில் எப்போதுமே கொஞ்சம் கள்ளக்கணக்கு உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விலகுவது அவனுக்கு நீங்கள் செய்யும் உபகாரம் இல்லை. அவன் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒரு நண்பன் காரணமே சொல்லாமல் பேச்சை நிறுத்திவிட்டான், அவ்வளவுதான். அதற்குப் பதிலாக அவனுக்கு ஒரு குறிப்புக் கொடுங்கள். நேரில் சொல்ல முடியாவிட்டால் மெசேஜில் எழுதுங்கள், எழுதி அழிக்காமல் அனுப்புங்கள்: "கூட்டத்துல நான் பேசாம இருந்தா கோபம்னு நினைக்காத. என்னைப் பேச வைக்கணும்னு எல்லார் முன்னாடியும் கேள்வி கேக்காத. பக்கத்துல இரு, அது போதும்." நண்பர்கள் பாதி நேரம் என்ன செய்வது என்று தெரியாமல்தான் தப்பாகச் செய்கிறார்கள். நீங்களும் அவனிடம் அவனைப் பற்றி ஏதாவது கேளுங்கள். அவனுக்கும் அரியர் இருக்கும், வீட்டில் பிரச்சினை இருக்கும்.

குரூப் டிஸ்கஷனுக்குப் பேச்சை மனப்பாடம் செய்து போகாதீர்கள். அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்று உள்ளே தேடிக்கொண்டிருந்தால் மற்றவர் பேசுவது காதில் விழாது, அங்கே பாதி மதிப்பெண் கேட்பதற்குத்தான். மூன்று பேரை மட்டும் சேர்த்து ஹாஸ்டல் மொட்டை மாடியில் வாரம் இரண்டு தடவை பழகுங்கள், அவன் கட்டாயம் வருவான்.

கேள்வி: இந்தக் காலத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு வியாதிப் பெயர். எங்கள் காலத்தில் இதெல்லாம் கிடையாது. வாத்தியார் பிரம்பை எடுத்தால் எல்லோரும் பேசினோம்.
ஓய்வுபெற்ற வாசகர், கும்பகோணம்

பதில்: ஐயா, பெயர் புதிதுதான். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் இது தனி நோயாக ஏறியதே 1980-இல். அதற்குப் பிறகும் 1985-இல் மைக்கேல் லீபோவிட்ஸ் என்ற மருத்துவர், யாரும் கண்டுகொள்ளாத நோய் இது என்று எழுத வேண்டியிருந்தது. ஆனால் பயம் புதிதில்லை. வள்ளுவர் அவையஞ்சாமை என்று 73-ஆம் அதிகாரத்தையே ஒதுக்கியிருக்கிறார். போர்க்களத்தில் சாகத் துணிந்தவர்கள் நிறையக் கிடைப்பார்கள், சபையில் அஞ்சாமல் நிற்பவர்கள் அரிது என்கிறார். அஞ்சுகிறவர்களிடம் அவருக்கும் அவ்வளவு இரக்கம் இல்லை, கல்லாதவர்களுக்கும் கீழே வைத்துவிட்டார், அந்த இடத்தில் நீங்களும் அவரும் ஒரு கட்சி.

பிரம்புக்கு எல்லோரும் பேசினார்கள் என்கிறீர்கள். பேசாதவர்கள் எட்டாவதோடு நின்றிருப்பார்கள். உங்கள் வகுப்பில் அப்படி நின்றுபோனவர்கள் யார் யார் என்று நினைவிருந்தால் எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.

கேள்வி: என் மகள் பிளஸ் டூ. வீட்டுக்கு உறவினர் வந்தால் அறையை விட்டு வர மாட்டாள். அவள் தூங்குகிறாள் என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, சாப்பாட்டை அறைக்கே கொண்டுபோய்க் கொடுப்பேன். பள்ளியில் ஒரே ஒரு தோழி, அந்தப் பெண்தான் இவளுக்கு எல்லாம். அவள் சென்னையில் படிக்கப் போகிறாளாம். அந்தப் பெண்ணின் அம்மாவிடம் பேசி இரண்டு பேரையும் ஒரே கல்லூரியில் சேர்க்கலாமா? என் மாமியார் "நாலு பேர் முன்னாடி நிறுத்திப் பேச வச்சா சரியாயிடும்" என்கிறார்.
ஒரு தாய், திருநெல்வேலி

பதில்: அந்த அம்மாவிடம் போகாதீர்கள் அம்மா. 17 வயதுப் பெண்ணுக்குத் தன் படிப்பைத் தானே முடிவு செய்யும் உரிமை இருக்கிறது, உங்கள் மகளைத் தாங்குவது அவளுடைய வேலையாக ஆகக் கூடாது. நீங்கள் கேட்டது தெரியவந்தால் உங்கள் மகளுக்கு இன்னும் கூனிக் குறுகிப் போகும். தோழி போவது அவளுக்குக் கஷ்டம்தான், ஆனால் வீடியோ காலிலும் நட்பு நிற்கும். கல்லூரி திறப்பதற்கு முன் இரண்டு மாதம் இருக்கிறது, மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பார்க்க அதுவே சரியான சமயம்.

மாமியார் சொல்வதும் வேண்டாம், நீங்கள் இப்போது செய்துகொண்டிருப்பதும் வேண்டாம். "மாமாவுக்கு வணக்கம் சொல்லு, ஒரு பாட்டுப் பாடு" என்று ஹாலில் நிறுத்துவது ஒரு கோடி. அறைக்கே தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்து, "அவ தூங்குறா" என்று விருந்தாளியிடம் பொய் சொல்வது மறு கோடி. நடுவில் நிறைய இடம் இருக்கிறது. வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடட்டும், அன்றைக்கு அது போதும். யேல் பல்கலைக்கழகத்தில் பதற்றமுள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு மட்டும் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். பிள்ளைக்காகத் தாங்கள் செய்யும் வேலைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது, குறைக்கும்போது "உனக்குக் கஷ்டம்னு தெரியும், உன்னால முடியும்னும் தெரியும்" என்று சொல்வது, இதுதான் பயிற்சி. பிள்ளைக்கே நேரடியாக சிகிச்சை கொடுத்த அளவுக்கு இதிலும் பலன் கிடைத்தது என்று 2020-இல் வெளியிட்டார்கள். ஆகவே மருத்துவரிடம் போகும்போது நீங்களும் உள்ளே போய் உங்களுக்கு என்ன வேலை என்று கேளுங்கள்.

கேள்வி: கல்லூரித் தோழன், இதே பிரச்சினை உள்ளவன். ஆவணியில் எனக்குக் கல்யாணம். பத்திரிகை கொடுத்தால் "கண்டிப்பா வரேன்டா" என்பான், வர மாட்டான், அப்புறம் வெட்கப்பட்டு ஆறு மாதம் பேச மாட்டான். பத்திரிகையே கொடுக்காமல் விடுவது அவனுக்கு நல்லதா?
மணமகன், மதுரை

பதில்: வாழ்த்துகள்! பத்திரிகை கட்டாயம் கொடுங்கள், கொடுக்காமல் விட்டால் அவன் அதற்கு என்ன அர்த்தம் எடுத்துக்கொள்வான் என்று உங்களுக்கே தெரியும்.

ரிசப்ஷனுக்குக் கூப்பிடாதீர்கள். வரிசையில் நின்று, மேடை ஏறி, வீடியோ லைட்டில் சிரித்து, கீழே இறங்கித் தெரியாதவர்கள் நடுவில் பந்தியில் உட்காருவது, எனக்கே அது ஆகாது. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மத்தியானமே வரச் சொல்லுங்கள், மண்டபத்தில் கூட்டம் சேர்வதற்கு முன்னால். ஒரு வேலையும் கொடுங்கள், தாம்பூலப் பையில் தேங்காயும் வெற்றிலை பாக்கும் போடுகிற வேலை, உங்கள் சித்தப்பாவோ யாரோ பேச்சு அதிகம் இல்லாத ஒருவரோடு. வேலை இருக்கும் ஆளை யாரும் "தம்பி யாரு, என்ன பண்றீங்க, கல்யாணம் ஆயிடுச்சா" என்று நிறுத்தி வைத்துக் கேட்க மாட்டார்கள், கேட்டாலும் "பை போட்டுட்டு வரேன்" என்று நழுவலாம். காலையில் தாலி கட்டியதும் கிளம்பிவிடலாம் என்பதையும் இப்போதே சொல்லிவிடுங்கள்.

அப்படியும் வரவில்லையா, கோபித்துக்கொள்ளாமல், மறுவீடு எல்லாம் முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களும் உங்கள் மனைவியுமாக அவன் வீட்டுக்குப் போய் ஒரு தாம்பூலப் பையைக் கொடுத்துவிட்டு வாருங்கள். போவதற்கு முன் மெசேஜ் போடுங்கள், போன் வேண்டாம். அரை மணி நேரத்துக்கு மேல் உட்காராதீர்கள்.